கராச் சுவரில் ஏறிய இரும்பு

அரியாலையில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்த கோபிசங்கரின், சாமான் அடுக்கும் மர இறாக்கையைக் கறையான் தின்று, ஒருநாள் கியர்பெட்டிகளோடு அது இடிந்து விழுந்தது. சுவர் முழுக்க இரும்பில் இறாக்கை ஒட்டித் தரும்படி குருநகரில் வெல்டிங் வேலை செய்யும் யசிந்தாவைக் கூப்பிட்டான். கேற்றுகளும் படகு இழுக்கும் வண்டிகளும் ஒட்டிப் பெயரெடுத்தவள் அவள். இரும்பைத் தானே தருவதாகவும், ஒட்டுச் சாமான்களை மட்டும் கொண்டுவந்தால் போதுமென்றும் சொல்லியிருந்தான்.

கறுப்புப் பெயின்ற் அடித்த பழைய இரும்பு. இந்தக் காலத்தில் இப்படிப் பாரமான சாமான் கிடைப்பதில்லை. யசிந்தாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கட்டையான துண்டுகளை முக்கோணத் தாங்கிகளாக ஒட்டிச் சுவரில் இறுக்கினாள். நீளமானவற்றைத் தட்டுகளுக்கு ஒதுக்கினாள். ஏற்றிய தாங்கி ஒன்றில் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை.

அடுத்து எடுத்த துண்டில் சிறிய தகடொன்று ஒட்டியிருந்தது. கிறைண்டரை வைத்ததும் பெயின்ற் உரிந்து, கீழே எழுத்துகள் தெரிந்தன. ஒட்டுக்கம்பியை உருக்கி, சொட்டுச் சொட்டாக யாரோ எழுதியிருந்தார்கள். ஜெசிதா. அதன்கீழ் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். இரண்டும் ஒன்றே. தகட்டுக்கு மேலே, சிலுவையை அறுத்தெடுத்த தழும்பு.

சேமக்காலையில் குழந்தைகளின் கல்லறைகளைச் சுற்றிப் போட்டிருந்த கம்பி அடைப்பு அது. பல துண்டுகள் கட்டையாக இருந்ததும் அதனால்தான். யசிந்தா கராச்சின் பின்பக்கம் போய்க் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது கோபிசங்கர் வாங்குப் பலகையில் இருந்து றோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். தெரிந்துதான் வாங்கினானா என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அறுத்தவர்களிடமே வாங்கினானாம். சிலுவைகளை வெட்டிவிட்டுக் கொண்டுவரச் சொன்னதும் தான்தானாம்.

“அது ஆரும் வாற போற இடமே? பத்தைக்குள்ளை சும்மா கிடந்தது. செத்ததுகளுக்கு என்னத்துக்குத் தங்கச்சி இரும்பு?”

சொல்லிவிட்டு விரலை நக்கினான். அதே விரல்களால் அவளுக்கும் ஒரு றோல்ஸை எடுத்து நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அந்த விரல்களைப் பார்க்க அவளுக்கு அருவருத்தது. காலை முழுக்க அந்த இரும்பைத் தடவித் தடவி மெச்சிய தன் கைகளைப் பார்க்க இன்னும் அருவருத்தது.

ஏணியில் ஏறித் தாங்கிகளை வெட்டத் தொடங்கினாள். அவன் முதலில் சிரித்தான். அவள் நிறுத்தாததைக் கண்டு, தன்னுடைய சாமானில் கைவைக்க அவள் யாரென்று கேட்டபடி கிறைண்டரின் வயரைப் பிடித்தான்.

“பொலிசைக் கூப்பிடுங்கோ அண்ணை. இது எங்கையிருந்து வந்ததெண்டு ரெண்டு பேருமாச் சொல்லுவம்.”

அவன் வயரை விட்டான்.

வாடகை வண்டியொன்றைப் பிடித்து, எல்லா இரும்பையும் ஏற்றிப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய் இறக்கினாள். பூசை முடிவில் அவர் அறிவித்ததைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஜெசிதாவின் தகப்பன் சிமியோனும் வந்தார். கடற்தொழிலுக்குக் கட்டிப்போய்வந்த சாரத்தோடேயே குந்தியிருந்து தகட்டை மடியில் வைத்துக்கொண்டார். அதை எழுதியது அவர்தான். மகளை அடக்கிய கிழமை, தெரிந்த ஒருவரிடம் ஒட்டு இயந்திரத்தை இரவல் வாங்கி எழுதினாராம்.

திரும்பவும் ஒட்டித் தருவதாக யசிந்தா சொன்னாள். சிமியோன் தகட்டின் ஓரத்தில் மிஞ்சியிருந்த கறுப்பை நகத்தால் சுரண்டினார்.

“முதல்லை கழுவுவம் பிள்ளை. அவன் பிடிச்ச இரும்பு. அப்பிடியே கொண்டுபோய்ப் பிள்ளையிலை வைக்க ஏலாது.”

இருவருமாகக் கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். கறுப்பு முழுவதும் போகும்வரை சிமியோன் விடவில்லை. பிறகு சேமக்காலையில் அடைப்பை நிறுத்தி அவள் ஒட்டினாள். சிலுவைகள் கிடைக்கவேயில்லை.

பங்குத்தந்தை பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். பழைய இரும்பென்று நம்பி வாங்கியதாகக் கோபிசங்கர் சொன்னான். எச்சரித்து விட்டுவிட்டார்கள். வேறொருவன் புது இரும்பில் இறாக்கை ஒட்டிக் கொடுத்தான். கராச் வாசலில் இப்போதும் வாகனங்கள் வரிசையாய் நிற்கின்றன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது யசிந்தா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள்.