கழுதை ஓட்டின ஓட்டோ

மன்னார் ஆஸ்பத்திரி வாசலில் ஜஸ்ரின் தன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினால், பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வடைத் தட்டை மூடிவிடுவார். அவ்வளவு புகை.

அதை விற்கும் எண்ணத்தோடு மின்சார ஓட்டோ ஒன்றுக்குப் பதிந்து வைத்திருந்தான் ஜஸ்ரின். ஒரே ஒரு கவலைதான். சார்ஜ் போடும் கம்பம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வரவேண்டும். தூரத்தில் வந்தால், சார்ஜ் போட ஓடியே பாதிச் சார்ஜ் முடிந்துவிடும்.

கம்பத்தை எங்கே நடலாம் என்று ஆராய வந்தவள் பெற்றிசியா. ஜஸ்ரின் உட்படச் சில ஓட்டோக்காரருக்கு மட்டும் தீப்பெட்டி அளவில் ஜீபிஎஸ் கருவி கொடுத்தாள்.

"அண்ணை, இதை ஓட்டோவில வையுங்கோ. நீங்கள் எங்க ஓடுறியள், எங்க நிக்கிறியள் எண்டு கம்பியூட்டர் பாக்கும். பாத்து, எங்க கம்பம் நட்டால் நல்லம், எவ்வளவு புகை குறையும் எண்டெல்லாம் சொல்லும்."

மத்தியானத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பெருக்கமரத்தடியில் நன்றாகப் படுப்பான் ஜஸ்ரின். படுத்துக் கிடக்கிறவனுக்கு ஏன் கம்பம் என்று கம்பியூட்டர் நினைத்துவிட்டால்?

அன்று மத்தியானம் நிழலில் ஒரு கழுதை நின்றது. கருவியை அதன் கழுத்தில் கட்டிவிட்டுச் சாய்ந்தான். அது கொஞ்சம் சுற்றட்டும், நம்முடைய ஓட்டம் கூடட்டும் என்ற கெட்டித்தனம். எழும்பிப் பார்த்தால் கழுதையைக் காணவில்லை. ஊரெல்லாம் தேடியும் அகப்படவில்லை. வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

சில கிழமைகளில் கூட்டம் வைத்தார்கள். பெற்றிசியா சுவரில் மன்னார் வரைபடத்தைக் காட்டினாள்.

"ஒரு ஓட்டோ மட்டும் வித்தியாசமா ஓடியிருக்கு. மீன் சந்தை, உப்பளம், பிறகு குப்பைமேடு. அங்கயே மணிக்கணக்கா நிக்குது. அதால குப்பைமேட்டடியில கம்பம் நடச் சொல்லுது கம்பியூட்டர்."

"குப்பைமேட்டில ஆருக்கு ஹயர் ஓடுறது? காகத்துக்கோ?" என்று கத்தினான் சனூன். அவனும் அதே வாசலில் ஓட்டோ ஓடுகிறவன்.

ஜஸ்ரினுக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், கம்பம் போய்விடும். எழும்பினான்.

"தங்கச்சி, அது ஓட்டோ இல்ல."

"அப்ப?"

"கழுதை."

மண்டபம் அதிர்ந்தது. "புகையே விடாத வண்டி மச்சான்! புல்லுப் போட்டாச் சார்ஜ் ஏறும்!" என்று சனூன் கதிரையிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தான்.

ஏன் கட்டினான் என்று அவன் சொல்லக் கேட்டதும் பெற்றிசியாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ அண்ணை! நீங்கள் படுக்கிற நேரந்தானே ஓட்டோவுக்குச் சார்ஜ் போடுற நேரம். நான் தேடினதே அந்த நேரத்தைத்தான். அதைப்போய் மறைச்சிட்டியளே!"

கழுதையின் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு கருவி கொடுத்தாள். இந்த முறை ஓட்டம், நித்திரை எல்லாம் உள்ளபடியே பதிவானது. கம்பம் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தது.

திறப்பு நாளன்று முதலில் வந்தது அந்தக் கழுதைதான். கம்பத்தில் சாய்ந்து முதுகைச் சொறிந்தது. கழுத்தில் பழைய கருவி அப்படியே தொங்கியது.

"உன்ர ஓட்டோ சார்ஜுக்கு வந்திட்டுது, போய்ப் பார்," என்றான் சனூன்.

ஜஸ்ரின் கருவியை அவிழ்த்துப் பெற்றிசியாவின் கையில் கொடுத்தான்.

"கம்பியூட்டரில பிழை இல்லைத் தங்கச்சி. நாங்கள் குடுத்ததைத்தானே அது சொன்னது? புகை இல்லாம ஓடோணுமெண்டா, முதல்ல பொய் இல்லாமக் கணக்குக் குடுக்கோணும்."