உம்மும் உடனும்

டாம்சினுக்கு மே இருபத்தொன்றாம் தேதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மலை உச்சியில் இருக்கும் ஜெர்மன் துறையில் இறுதி வாய்மொழித் தேர்வு. அதே புதன்கிழமை, அதே பத்து மணிக்கு, அடிவாரத்தில் இருக்கும் விளையாட்டுக் கூடத்தில் 'ஐரோப்பிய ஆட்சிமுறைகள்' என்ற அரசியல் தாள். ஏதாவது ஒன்றைத் தவறவிட்டால் மறுதேர்வு ஆகஸ்டில்தான். ஜெர்மனியின் ப்ரேமன் நகரத்துச் சட்டமன்ற நூலகத்தில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலையோ ஜூலை பதினைந்தில் தொடங்குகிறது. அன்றைக்குப் பட்டச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு எப்படி வரச்சொல்லும் என்று நீங்கள் கேட்கலாம். அதில் ஒரு நேர்த்தியான ஏற்பாடு இருக்கிறது. அது புரிந்தால் நீங்களும் என்னைப்போல அதை ரசிப்பீர்கள்.

இங்கிலாந்தில் நாங்கள் படித்த பட்டத்தின் பெயர் 'ஜெர்மனும் அரசியலும்'. எங்கள் ஆண்டில் அதைப் படித்தது இரண்டே பேர், டாம்சினும், ரொவீனா என்கிற நானும். பட்டத்தின் பெயரில் 'உம்' வந்தால் ஆளைச் சரிபாதியாக வெட்டி இரண்டு துறைக்கும் கொடுத்துவிடுவார்கள். 'உடன்' வந்தால் முக்காலும் காலும். அதாவது 'அரசியலுடன் ஜெர்மன்' படிக்கிறவர் ஜெர்மன் துறையில் முக்கால் ஆள், அரசியல் துறையில் கால் ஆள். நாங்கள் உம் சாதி என்பதால் இரண்டு பக்கமும் அரை ஆள்.

தேர்வு அட்டவணை போடும் மென்பொருளுக்கு முழு எண்தான் தெரியும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு அது எண்ணும். அரையில் புள்ளிக்கு முன்னால் இருப்பது பூஜ்யம். ஆகவே ஜெர்மன் துறையில் டாம்சின் கிடையாது, அரசியல் துறையிலும் கிடையாது. இல்லாத ஆளுக்கு எப்படித் தேர்வு மோதும்? குறை சொல்ல முடியாத கணக்கு.

அட்டவணை அலுவலகத்தில் நெவில் என்று ஒருவர் இருந்தார். இருபது வருட அனுபவம், எல்லோரிடமும் அன்பு. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாரு கண்ணு, மோதல்: பூஜ்யம். பச்சை கலர்ல வேற போட்டிருக்கு."

"நான் ஒருத்திதானே நெவில்? ரெண்டு இடத்துல எப்படி உக்காருவேன்?" என்றாள் டாம்சின்.

"அது எனக்குப் புரியுது கண்ணு. மெஷினுக்குப் புரியலையே."

"ரொவீனாவுக்கு அதே நாள் ரெண்டு மணிக்கு ஜெர்மன் வாய்மொழி. அவ அந்த அரசியல் தாள் எடுக்கல. எங்க ரெண்டு பேர் நேரத்தையும் மாத்திப் போட்டா முடிஞ்சுது."

நான் வேகமாகத் தலையாட்டினேன். நெவிலும் ஆட்டினார்.

"ரொம்ப நல்ல யோசனை. ஆனா மோதல் இருந்தாத்தான் மாத்த முடியும். மோதல்தான் இல்லையே."

அதே யோசனையுடன் மலை ஏறினோம். ஜெர்மன் துறைத் தலைவர் ஃபெனெல்லா எங்களை உட்காரவைத்து, மூன்று நிமிடம் மனதார வருத்தப்பட்டார். "இது அரசியல் துறைக்காரங்க வேலை. அவங்க தாளைத்தான் மாத்தணும். நீங்க அவங்க மாணவிங்கதானே?" மலை இறங்கினோம். அரசியல் துறைத் தலைவர் டெஸ்மண்ட் நின்றபடியே வருத்தப்பட்டார், அவருக்கு நேரம் குறைவு. "நூத்தித் தொண்ணூறு பேர் எழுதுற தாளை ஒருத்திக்காக நகர்த்த முடியுமா? ஜெர்மன்ல போய்ச் சொல்லு. நீ அவங்க பொண்ணாச்சே!" யார்க்‌ஷயர் மழையில் அந்த மலையை அந்த வாரம் ஆறு முறை ஏறி இறங்கினோம். துறைக்காரர்கள் எங்களை எப்போது தங்கள் மாணவி என்பார்கள், எப்போது அடுத்தவர் மாணவி என்பார்கள் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஆண்டு மலரில் படம் போடும்போது நாங்கள் அவர்கள் பிள்ளை, வேலை வரும்போது அடுத்தவர் பிள்ளை.

மிச்சமிருந்தது ஆசிரியர் மாணவர் குழு. மாதம் ஒரு புதன்கிழமை கூடும். தேநீர் இருக்கும், நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட் இருக்கும், குறைகளைக் கேட்டு ஆழ்ந்த கவலை தெரிவிப்பார்கள். அந்தக் கவலை குறிப்பேட்டில் ஏறும். போன ஆண்டும் இதே மோதல், அதற்கு முந்தின ஆண்டும் இதே மோதல். குறிப்பேட்டில் கவலை ஆழமாகிக்கொண்டே போயிருந்தது.

குழு கூடுவதற்கு முந்தின நாள் டாம்சின் வாய்மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைப்பு கூட்டணி ஆட்சி. ஜெர்மன்காரர்கள் தராசு முள்ளை 'குட்டி நாக்கு' என்பார்கள். இரண்டு பெரிய கட்சிகள் தட்டுக்கு ஒன்றாகச் சமமாக நிற்கும்போது, எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்யும் சின்னக் கட்சிக்கும் அதே பெயர்தான். ஊரில் பத்தில் ஒருவர்கூட அதற்கு வாக்களித்திருக்க மாட்டார். ஆனால் அமைச்சர் பதவி கேட்டு வாங்கிக்கொள்ளும்.

படித்துக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொவீனா, தேர்வுக்கு நாம பூஜ்யம். வருஷக் கடைசியில துறைக்கு எத்தனை தலைன்னு எண்ணுறாங்களே, அப்பவும் பூஜ்யமா?"

"இல்லடி. அதுக்கு அரையும் உண்டு, காலும் உண்டு."

"அப்ப நாம குட்டி நாக்குடி!"

மறுநாள் குழு கூடியது. டாம்சின் பேசினாள். டெஸ்மண்ட் ஆழ்ந்த கவலை தெரிவித்தார். ஃபெனெல்லா அதை வழிமொழிந்தார். பிஸ்கட் தட்டு நகர்ந்தது. அப்போது டாம்சின் பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து மேசையில் வைத்தாள். உம்மிலிருந்து உடனுக்கு மாறுவதற்கான படிவம். அதற்கு மாணவர் கையெழுத்து ஒன்றே போதும். படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது அதைக் கேட்டு யாராவது வருவார்கள் என்று யாரும் நினைத்துப்பார்க்கவில்லை.

"இது ஜெர்மனுடன் அரசியல். இதுல கையெழுத்துப் போட்டா நான் ஜெர்மன்ல கால் ஆள்."

ஃபெனெல்லாவின் கோப்பை தட்டில் மோதியது. ஜெர்மன் துறையின் இறுதியாண்டில் முழு ஆட்கள் பதினொன்று. எங்கள் இரண்டு அரையும் சேர்ந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டுக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் துறையை எடுத்து 'உலகத் தொடர்பியல் மையம்' என்ற ஒன்றுக்குள் போட்டுவிடுவார்கள். உள்ளே போன இத்தாலியத் துறை இன்னும் வெளியே வரவில்லை.

"டாம்சின், அவசரப்படாதே. பதினொண்ணே முக்கால்னா எங்க கதை முடிஞ்சுது."

டெஸ்மண்ட் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு சிரித்தார். "முடிவு மாணவியோடது ஃபெனெல்லா. நாம குறுக்கிடக் கூடாது."

"ஆமா டெஸ்மண்ட்," என்றாள் டாம்சின். "அதனாலதான் இன்னொண்ணும் கொண்டுவந்தேன். இது அரசியலுடன் ஜெர்மன். இதுல உங்க பக்கம் நான் கால் ஆள்."

பிஸ்கட் பாதியில் நின்றது. அரசியல் துறைக் கட்டடத்தின் நெற்றியில் மூன்று மாடி நீளத்துக்கு ஒரு பதாகை தொங்கியது: 'இறுதியாண்டில் இருநூறு பேர்!' கணக்கு சரியாக இருநூறு. பதாகையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதே முக்கால் என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது.

"இது மிரட்டலா?" என்றார் டெஸ்மண்ட்.

"கூட்டணிப் பேச்சுவார்த்தை. நீங்கதானே பாடம் எடுத்தீங்க? ரெண்டு தட்டு, நடுவுல முள்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"என் பத்து மணி ரொவீனாவுக்கு. ரொவீனாவோட ரெண்டு மணி எனக்கு."

துறைத் தலைவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பழக்கமில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் ஃபெனெல்லா. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

முதல் நாளே சொன்னோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். டாம்சின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

இரண்டு துறைத் தலைவர்கள் ஒரே தாளில் கையெழுத்திட்டது பதினோரு ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நெவில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாத்தியா கண்ணு, நான் சொன்னேன்ல, மோதலே இல்ல," என்றார். குழுவின் குறிப்பேட்டில் அந்தப் பகுதி இப்படி முடிகிறது: 'மோதல் எதுவும் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை.'

மே இருபத்தொன்றாம் தேதி டாம்சின் பத்து மணிக்குக் கீழே எழுதினாள், ஒன்றரை மணிக்கு மலை ஏறினாள், இரண்டு மணிக்குக் கூட்டணி ஆட்சி பற்றிப் பேசினாள். எடுத்துக்காட்டு கேட்டார்களாம். கேட்டது ஃபெனெல்லா என்பதால், எங்கள் குழுக் கதையை விட்டுவிட்டு வெளிநாட்டு எடுத்துக்காட்டாகச் சொன்னாளாம்.

ஜூலை பத்தாம் தேதி சான்றிதழ் வந்தது. பதினைந்தாம் தேதி ப்ரேமன் நூலகத்தில் அதை வாங்கிப் பார்த்த அதிகாரி ஹார்ம்ஸ் அம்மையார், மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாராம். அன்று மாலை தொலைபேசியில் டாம்சின் சொன்னாள்.

"'ஜெர்மனும் அரசியலும்'னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. இதுல வெறும் 'ஜெர்மன் அரசியல்'னு இருக்கே, 'உம்' எங்கம்மா போச்சுன்னு கேட்டாங்கடி."

"ஐயய்யோ! நீ என்ன சொன்ன?"

"எங்க ஊர்ல முழுசா இல்லாததை எல்லாம் வெட்டிடுவாங்கன்னு சொன்னேன். சட்டமன்றத்துக்கு ஜெர்மன் அரசியல் போதும்னு சொல்லி முத்திரை குத்திட்டாங்க."