லார்ச் மரத்து வளைவு

நூற்றிரண்டு நாள் மெங்கியா இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நாற்பது கிடேரிகளுக்குத் தெரியும். அவையும் சொல்லவில்லை.

எல்லாம் மே மாத ஊர்க்கூட்டத்தில் தொடங்கியது. மேல் மேய்ச்சலில் இருக்கும் குடிசையிலிருந்து சேரின் ஏரி வரைக்கும் ஒரு சைக்கிள் பாதை வேண்டும் என்று வல்சேரா ஊரின் இளசுகள் கேட்டார்கள். போன வருஷமும் கேட்டிருந்தார்கள். மான் மிரண்டு ஓடிவிடும் என்று வேட்டைக்காரர்களின் கைகள் மொத்தமாக எதிர்த்து மேலே போயின. தீர்மானம் தோற்றது.

"இருக்குற பாதையில எவன் வேணா ஓட்டிக்கட்டும். புதுசா ஒரு மண்வெட்டி மண்ணைக்கூடத் தூக்கக் கூடாது," என்றார் ஊர்த்தலைவர் யாகென்.

மெங்கியாவுக்கு ஏதோ பேச வேண்டும் போலிருந்தது. நாற்காலி நுனி வரை நகர்ந்து வந்தாள். அதற்குமேல் நகர முடியவில்லை. கூட்டம் கலைந்தது.

ஜூன் பாதியில் ஊர்க் கிடேரிகளை ஓட்டிக்கொண்டு மலையேறினாள். கோடை முழுக்க அவற்றை மேய்ப்பது அவள் வேலை. இது இரண்டாவது வருஷம். சுமைக் கழுதை மேல் மாடுகள் நக்குவதற்கு ஐந்தாறு உப்புக்கட்டிகள், பார்லி, உலர்ந்த இறைச்சி, உடைமாற்று. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டிவைத்த சைக்கிள்.

குடிசையிலிருந்து ஏரிக்கு டிராக்டர் போகும் ஜல்லிச் சாலை ஒன்று உண்டு. அதில் சைக்கிள் ஓட்டினால் பல்தான் ஆடும். அதற்கு வலப்பக்கம், புல் சரிவும் பாறையும் ஊசியிலை லார்ச் மரங்களுமாக ஏரி வரை இறங்கும் ஒரு மலைத்தோள் இருக்கிறது. எதிரே தாமான் சிகரம், கீழே தண்ணீர். அந்தத் தோளைப் பார்த்துப் பார்த்தே போன கோடையைக் கழித்திருந்தாள்.

உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கிடேரி போகும். நேராக ஏறிப் போகாது. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு செங்குத்தில் ஏற அதற்குப் பைத்தியமா? சரிவைக் குறுக்காக எடுக்கும், சேற்றைச் சுற்றிப் போகும், மழைத்தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்துக் கால் வைக்கும். பத்து நாள் போய் வந்தால் புல் தேய்ந்து, மண் இறுகி, இரண்டு சாண் அகலத்தில் தடம் விழுந்துவிடும். சைக்கிளுக்கு அதற்குமேல் வேண்டாம்.

முதல் உப்புக்கட்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்தபோது, தற்செயல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவதை வைத்தபோது அப்படிச் சொல்ல முடியவில்லை.

உப்பை எங்கே வைக்கலாம் என்பதை மேய்ப்பவள்தான் முடிவு செய்வாள். அதை யாரும் கேட்பதில்லை. மின்கம்பி வேலியை எங்கே இழுக்கலாம் என்பதும் அப்படித்தான். மந்தையை நடத்திப் போவது கொந்தேசா என்ற சாம்பல் நிறக் கிடேரி. ஊர்த்தலைவர் யாகெனின் சொந்தக் கிடேரி. அது போகும் வழியில் மற்ற முப்பத்தொன்பதும் வரிசையாகப் போகும்.

விஷயம் வெளியே தெரிந்தால் பாதையைக் கிளறிப்போட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். அடுத்த கோடைக்கு வேறு ஆள் மேலே வருவான். இது மெங்கியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்றாவது கட்டியை வைத்தாள்.

ஜூலை முடிவதற்குள் முக்கால் பாதை விழுந்துவிட்டது. ஒருநாள் காலை, தன் சக்கரத் தடத்தின்மேல் இன்னொரு சக்கரத் தடத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் ஏழெட்டு. ஊருக்குள் பேச்சு கிளம்பியது. யாகென் மேசையைத் தட்டினார். வனக்காவலர் ரியெத், தூரக்கண்ணாடியும் சூடான காப்பிக் குடுவையுமாக மலையேறி வந்தான்.

ரியெத் அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"எவனோ வெட்டுறான் மெங்கியா. சத்தம் ஏதாவது கேட்டியா?"

"மணிச் சத்தம் கேட்டுச்சு."

"மாட்டு மணியைக் கேக்கல. மண்வெட்டிச் சத்தம்."

"அது கேக்கல."

"விடிகாலையில வர்றானோ?"

"வந்தா காப்பி குடுத்திருப்பேனே. இங்க ஆளைப் பாத்தே பத்து நாளாச்சு."

எதுவும் பொய்யில்லை. அதனால் முகம் சிவக்காமல் பேச முடிந்தது.

"அந்தப் பெரிய லார்ச்சுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கப் போறேன். அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் தெரியும்," என்றான்.

மெங்கியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதை சரியாக அந்த மரத்துக்கு மேலேதான் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே சரிவு பொல்லாதது. நேராக இறங்கினால் ஓடைக்குள் போய்த்தான் விழ வேண்டும்.

"சும்மாதானே போற? இதைக் கொஞ்சம் கொண்டுபோ," என்று ஒரு உப்புக்கட்டியை அவன் கையில் வைத்தாள்.

"ஐயோ, என்ன கனம்!"

"நான் தெனம் தூக்குறேன். வனக்காவலருக்கு முதுகு பிடிச்சுக்குதோ?"

"குடு, குடு. எங்க வைக்கணும்?"

"லார்ச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டைப் பாறை. அதுமேல."

மூன்று நாள் காலையில் ரியெத் அங்கே ஒளிந்திருந்தான். கிடேரிகளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாறையில் உப்பை நக்கிவிட்டு, மிச்சத்துக்கு அவனை நக்கின. கொந்தேசா தொப்பியின் ஓரத்தைத் தின்றது. நாற்பது கிடேரிகள் சுற்றி நின்றுகொண்டு வெறித்துப் பார்த்தால் ஒளிந்திருப்பதில் என்ன அர்த்தம்? அவற்றை விலக்க, முதல் நாள் உப்புக்கட்டியைத் தூக்கி மரத்துக்குக் கீழே வைத்தான். மறுநாள் அங்கிருந்து எதிர்ப்பக்கம். மூன்றாம் நாள் இன்னும் கீழே, ஓடைக்குச் சற்று முன்னால், எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

"ஆள் யாருமே இல்ல தலைவரே. மாடுங்கதான்," என்று யாகெனிடம் சொன்னான்.

"மாட்டைப் பாக்கவாடா உன்னை அனுப்பினேன்?"

இரண்டு வாரம் கழித்து மெங்கியா அந்த இடத்தில் சைக்கிளோடு வந்து நின்றாள். அவள் மனதில் நினைத்தது ஒரு வளைவு. விழுந்திருந்ததோ மூன்று: மரத்தைச் சுற்றி ஒன்று, திரும்பி எதிர்ப்பக்கம் ஒன்று, ஓடைக்கு முன்னால் மெத்தென்று ஒன்று. இறங்கினாள். ஓட்டி முடித்ததும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறி, மறுபடி இறங்கினாள். யாரும் இல்லாத சரிவில் அவள் சத்தமாகச் சிரித்ததைக் கொந்தேசா மட்டும் பார்த்தது.

செப்டம்பரில், கிடேரிகள் இறங்குவதற்கு முன், பாதைகளைப் பார்வையிடும் அம்மாள் ஒருவர் கூர் நகரத்திலிருந்து வந்தார். யாகெனும் ரியெத்தும் கூடவே நடந்தார்கள். மெங்கியா வேலிக்கம்பியைச் சுருட்டிக்கொண்டே காது கொடுத்தாள்.

"தண்ணி எங்க ஓடும்னு தெரிஞ்ச ஆள் போட்ட பாதை," என்றார் அந்த அம்மாள். லார்ச் மரத்தடிக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வளைவையும் மேலும் கீழும் நடந்து பார்த்தார். "இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். எனக்கு இது வராது. போட்டவர் யாரா இருந்தாலும் அவர் கையைப் பிடிச்சு ஒரு தடவை குலுக்கணும்."

ரியெத் கீழே குனிந்து பார்த்தான். ஓடைப் பக்கம், நக்கி நக்கிக் கிண்ணம்போலக் குழிந்துபோன உப்புக்கட்டி கிடந்தது. அவன் காது சிவந்தது. நிமிர்ந்து மெங்கியாவைப் பார்த்தான். மெங்கியா அவசர அவசரமாகக் கிடேரிகளை எண்ணத் தொடங்கினாள்.

அன்று மாலையே கைகுலுக்கல் செய்தி ஊர்ச் சாராயக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கோப்பை உள்ளே போனதும், சைக்கிள் கடைக்காரன் கவுதென்ஸ் மார்பைத் தட்டினான்.

"நான்தான்யா அது. விடிகாலையில, மண்வெட்டியோட, தனியா."

அவன் உள்ளங்கை வெண்ணெய் மாதிரி இருக்கும். இருந்தாலும் ஊர் நம்பியது. அவன் சைக்கிள் கடையில் கூட்டம் அள்ளியது. கவுதென்ஸோடு படம் எடுத்துக்கொள்ளப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தெல்லாம் வந்தார்கள். அபராதம் போட்டாலும் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவான். ஆனால் மண்வெட்டியால் வெட்டிய பாதை என்று ஆகிவிட்டதே. அதை மூட வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

நூற்றுமூன்றாம் நாள், பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊர் கூடியது.

"கவுதென்ஸ் ஒத்துக்கிட்டான். வெட்டுன பாதை. மூட வேண்டியதுதான். கையைத் தூக்குங்க," என்றார் யாகென்.

"இருங்க தலைவரே."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். மெங்கியாவும் ஒருகணம் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் தான் எழுந்து நிற்பது தெரிந்தது.

"அவன் வெட்டல."

"நீ பாத்தியா?" என்றான் கவுதென்ஸ்.

"வெட்டுன மண்ணை எங்கடா கொட்டினே?" என்றாள் மெங்கியா.

"அது... ஏரியில."

"சட்டைப்பையில போட்டுக் கொண்டுபோனியா?" என்றது பின்வரிசை. கூடம் சிரித்தது.

மெங்கியா முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பாதையை மாடுங்க போட்டுச்சு. உங்க எல்லார் வீட்டுக் கிடேரியும்தான். உங்க கொந்தேசாதான் முன்னால போச்சு தலைவரே. நான் உப்புக்கட்டியை நகத்தி நகத்தி வெச்சேன். ஒரு பிடி மண்ணைக்கூடத் தூக்கல. மாட்டுத்தடம், இருக்குற பாதைதானே?"

வேட்டைக்காரர் வரிசையில் ஒரு தடித்த குரல் எழுந்தது. "மாட்டுத்தடத்தை மூடச் சொல்றீங்களா? அப்போ என் மாட்டைத் தோளுல தூக்கிட்டுப் போவீங்களா தலைவரே?"

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமானது. மூட வேண்டும் என்று கேட்டதற்கு நான்கு கைகள்தான் உயர்ந்தன. கவுதென்ஸ் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடிக்கவே இல்லை.

"சரி," என்றார் யாகென். "அடுத்த கோடைக்கும் நீயே மேல போ. ஆனா உப்பை எங்க வைக்கிறேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. கூர் அம்மா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாங்களே, அந்த லார்ச் வளைவு? அதுவும் நீதானா?"

மெங்கியா சுவரோரம் நின்ற ரியெத்தைப் பார்த்தாள். பிடிக்கப் போனவனே உப்புச் சுமந்தான் என்று தெரிந்தால் இந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் அவனைத் தின்றுவிடும்.

"அதுவும் நான்தான்," என்றாள். நூற்றுமூன்று நாளில் அவள் சொன்ன முதல் பொய்.

"கெட்டிக்காரிதான்," என்றார் யாகென். கூடம் கைதட்டியது. வேட்டைக்காரர்கள்கூடத் தட்டினார்கள்.

ரியெத்தும் தட்டினான். ஒருமுறை தட்டினான், இரண்டுமுறை தட்டினான். அப்புறம் கை நின்றுவிட்டது. காது சிவந்தது, கழுத்து சிவந்தது. ஓரம் தின்னப்பட்ட தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"அது பொய் தலைவரே. அந்த வளைவுக்கு உப்பு வெச்சது நான். மூணு தடவை நகத்தினதும் நான்தான்."