இசபெல்லாவின் கன்னம்

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இரண்டே நாள் இருந்தது. எழுபத்து நான்காம் வருடம். குட்டைப் பிள்ளைகள் முன்னே, இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் கோயிலுக்குள் போவது வழக்கம். ஞானோபதேசம் சொல்லித்தரும் இஞ்ஞாசி உபதேசியார் நடத்திய ஒத்திகையில் முதல் ஜோடி இசபெல்லாவும் பேபியும். பேபியின் தாய் ஜெயபாய் ஓடிவந்து மகளை இழுத்துக்கொண்டாள்.

"உபதேசியாரே, அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தீரா? பஸார்ல குஷ்டம் அது இதுன்னு என்னென்னமோ சொல்லுதாங்க. எம் மகளுக்கும் ஒட்டிக்கிட்டா?"

இசபெல்லாவுக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே கன்னங்கள் சிவந்து சொரசொரவென்றிருக்கும். புருவத்தின் வெளிப்பாதியில் முடி கொட்டி, குறுணை குறுணையாகத் தடித்திருக்கும். அம்மா பிளாரன்ஸ் சுறா எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், எரிச்சல்தான் கூடியது.

"ஒட்டாது," என்றாள் பிளாரன்ஸ். "பெரியாஸ்பத்திரி டாக்டர் சீட்டே குடுத்திருக்காரு. முடி வேர்ல சின்னதிலருந்தே உள்ள கோளாறாம்."

உபதேசியார் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்க இங்கிலீஷ்.

"எதுக்கு வம்பு? பிள்ளை கடைசியில தனியா வரட்டும்."

இசபெல்லா நகராமல் ஜெயபாயைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமி, போன மாசம் எந் தலையில பேன் எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கென்னளா தெரியும்?"

"ஒங்க பேபிகிட்டருந்து. நீங்க மீன் விக்கப் போறப்பல்லாம் அவ எங்க வீட்டுலதான கெடக்கா? மூணு வருசமா ஒரே பாயி, ஒரே சீப்பு. அவ பேன் எனக்கு ஒட்டிச்சு. எங் கன்னம் அவளுக்கு ஒட்டலையே!"

கோயிலே சிரித்தது. உபதேசியார் சீட்டால் வாயை மறைத்துக்கொண்டார்.

"ஏளா, இத்தன பேரு முன்னால மானத்த வாங்குதியே!"

"ஆமாம்மா, எம் பேன்தான்," என்று தலையைச் சொறிந்தபடியே பேபி தாயின் கையை உதறிக்கொண்டு வந்து இசபெல்லாவின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைய விடு ஜெயபாய்," என்றார் உபதேசியார். "மொதல்ல பேன் மருந்து வாங்கிப் போடு."

ஞாயிறு காலை பிளாரன்ஸ் புருவம் எழுத மைச்சிமிழைத் திறந்தாள்.

"வேண்டாம்மா, எரியும்."

மை வைக்காத முகத்தோடு, வெள்ளைக் கவுனில், மெழுகுவர்த்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் பேபியோடு முதல் ஜோடியாக நடந்தாள். தெருவில் கூட்டம் நெருக்கியது. யாரோ கேட்டார்கள்:

"முன்னால வாராளே செவத்த பிள்ளை, அது யாரு மக?"

பிளாரன்ஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எம் மக! எம் மகதான்!"