கோசோவுக்கு முன் நாலு மீற்றர்

சனிக்கிழமை என்றால் கோணேஸ்வரனின் தலை சஜிதாவுக்குச் சொந்தம். திருகோணமலையில் தொடங்கிய வழக்கம். ஸ்கார்பரோவுக்கு வந்த பிறகும் ஒரு சனி தப்பியதில்லை.

"இண்டைக்கு மட்டும் விடுமப்பா. நீச்சல் குளத்திலை சோதினை."

"அதுக்குத்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி," என்று உச்சியில் நல்லெண்ணெயைக் கவிழ்த்தாள் மனைவி. நேரம் போய்விட்டதால் சீயக்காய் பேருக்குத்தான் பட்டது.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஒரே ஆசை: மால்ட்டாவுக்குப் பக்கத்திலுள்ள கோசோ என்ற குட்டித் தீவின் கடலடியைப் பார்ப்பது. பல் வைத்தியரின் சுவர்ப் படத்தில் அந்த நீலத்தைக் கண்ட நாளில், கடைவாய்ப் பல் போனதே அவருக்குத் தெரியவில்லை. சுழியோடும் குழு வியாழன் புறப்படுகிறது. இடையில் நின்றது ஒரு சோதனை: நாலு மீற்றர் ஆழத்தில் மாஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றவேண்டும். முன்பு முயன்ற இரண்டு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டார்.

"அண்ணை, இதுதான் கடைசி," என்றான் பயிற்றுநர் றிச்சர்ட். "இல்லாட்டி கோசோவிலை நீங்கள் வள்ளத்திலை இருந்து எங்கடை செருப்புகளைப் பாக்கவேண்டியதுதான். உதென்ன தலை? வடைச் சட்டிக்குள்ளை விழுந்தனீங்களோ?"

"சனிக்கிழமை," என்றார் கோணேஸ்வரன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இறங்கினார்கள். அடித்தளத்தில் வெளிச்சம் நெளிந்து நெளிந்து வலை பின்னிக்கொண்டிருந்தது. அவருடைய தலையிலிருந்து எண்ணெய்த் துளிகள் பொன் முத்துகளாகப் பிரிந்து மேலே போயின. அண்ணாந்து பார்த்தார். மாஸ்க் நெற்றியில் வழுக்கி, எவரிடமும் அனுமதி கேளாமல் கழன்று போனது.

பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கண்கள் திறந்தபடியே இருந்தன. ஓரங்களெல்லாம் கரைந்து நீலம் மட்டும் மிஞ்சியது. யாரோ விட்டுப்போன பிளாஸ்டர் ஒன்று மீனைப் போலத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. வாயிலிருந்த காற்றுக் குழாயில் மூச்சு வந்தது, போனது.

றிச்சர்ட் மாஸ்க்கை எட்டிப் பிடித்து, அவரை மேலே கூட்டி வந்தான்.

"சொல்ல முதல் ஏன் கழட்டினீங்கள்?"

"நான்தான் கழட்டினன் எண்டால் பாஸோ?"

"சொல்லிப் பாருங்கோ."

சொல்லியிருக்கலாம். கூட வந்திருந்த சஜிதா கரையில் துவாயுடன் நின்று, சொல்லும்படி கண்ணைக் காட்டினாள்.

"இல்லையடாப்பா, தானாக் கழண்டுட்டுது. திரும்ப இறங்குவம்."

அதை நேர்மை என்று றிச்சர்ட் நினைத்துக்கொண்டான். அவருக்கோ அந்த நீலம் மறுபடி வேண்டியிருந்தது.

இம்முறை தம் கையாலேயே கழற்றினார். கண்ணை மூடவில்லை. போடும்படி றிச்சர்ட் சைகை காட்டினான். மறுபடியும் காட்டினான். பிறகு கை மணிக்கூட்டைத் தட்டினான். மனமில்லாமல் மாட்டி ஊதினார். நீர் வடிந்து, தரையோடுகளின் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. றிச்சர்ட் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"என்ன, பாஸோ?" என்றாள் சஜிதா.

"பாஸ்."

"பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

"மேலை வந்திட்டனே," என்றார்.