லிஃப்டுக்குப் பக்கத்து அறை

என்னைக் கிழவன் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு ஜனவரிக் கடைசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில், காட்டரிசி சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவில் வந்தது.

கப்பல் பயணம் என் மனைவி மார்லிஸின் யோசனை. பல் மருத்துவமனை வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற அன்றே சொல்லிவிட்டாள். "நாப்பது வருஷமா கூடாரத்துல படுத்து, கொசுவுக்கு ரத்தம் குடுத்து, உனக்கு முட்டை பொரிச்சுப் போட்டாச்சு ரோல்ஃப். இந்தத் தடவை எவனாவது எனக்குப் பொரிச்சுப் போடட்டும். நான் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கறேன்." மார்ச் மாதம் கரீபியன் கடல் என்று முடிவானது. எங்களில் யாரும் அதுவரை உல்லாசக் கப்பலில் காலெடுத்து வைத்ததில்லை. எந்தக் கப்பல் என்பது மட்டும்தான் பாக்கி.

நான் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தேன். சின்னக் கப்பல். ஒரு தீவில் எரிமலை ஏறலாம், இன்னொன்றில் ஆற்றோடு நடந்து அருவி வரை போகலாம். சில தீவுகளில் துறையே கிடையாது. கப்பலை நடுக்கடலில் நிறுத்தி, ஆடுகிற படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் குடும்பத்துக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. எங்கள் ஊர் துலூத்தில் பனி விழுந்தால் ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு, பனி உருகினால் ஓட்டம், உறைந்த ஏரி கரைந்தால் துடுப்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மகள் சோல்வே பள்ளிக்கூட ஸ்கீ அணிக்குப் பயிற்சியாளர். மினியாபொலிஸில் இருக்கும் மகன் நெல்ஸ் வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஹாக்கி ஆடுகிறவன். ஒரு நாள் சும்மா உட்காரவைத்தால் நாங்கள் ஒருவரையொருவர் கடித்துத் தின்றுவிடுவோம்.

அன்றைக்குப் பிள்ளைகள் வேறு ஒரு கப்பலை முன்னால் வைத்தார்கள். கப்பலா அது! கடைத்தெருவைத் தூக்கித் தண்ணீரில் வைத்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் துறையை ஒட்டியே நிற்குமாம்.

"சின்னக் கப்பல் ரொம்ப ஆடும்ப்பா," என்றாள் சோல்வே.

"ஆடட்டுமே. நீ எப்பலேர்ந்து ஆட்டத்துக்கெல்லாம் பயப்பட ஆரம்பிச்சே?"

"பெரிய கப்பல்ல எல்லாமே இருக்குப்பா," என்றான் நெல்ஸ், சூப்பைப் பார்த்துக்கொண்டே.

"டேய், எரிமலை எரிமலைன்னு குதிச்சது நீதானே?"

"மனசு மாறிடுச்சு."

நெல்ஸின் மனசு மாறி நான் பார்த்ததே இல்லை. ஒரு கோப்பையும் ஜெயிக்காத ஹாக்கி அணிக்கு அஞ்சு வயதிலிருந்து உயிரை விடுகிறவன் அவன்.

"சரி, தீவுல இறங்கி என்ன பண்றதா உத்தேசம்?"

"கண்ணாடித் தரை வச்ச படகு இருக்கு," என்றாள் சோல்வே. "உட்கார்ந்த இடத்துலேர்ந்தே மீன் பார்க்கலாம்."

"கண்ணாடி வழியா மீன் பார்க்க நான் மீன் கடைக்கே போவேனே! அங்க வெட்டியும் குடுப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் என் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். அந்த ரொட்டியில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மூக்கில் வியர்த்தது.

சாப்பிட்டு முடித்து விறகு எடுக்கப் போனபோது, பின்கட்டில் சோல்வே போனில் பேசுவது காதில் விழுந்தது. டிக்கெட் ஏற்பாடு செய்யும் பெண்ணிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்டுக்குப் பக்கத்து அறையாப் பாருங்க. ஆமா, எங்கள்ல ஒருத்தருக்கு நடக்கறதுல கொஞ்சம் சிரமம். இறங்கற பலகை ரொம்பச் செங்குத்தா இருக்குமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தொரு வருடம் இந்த மேட்டு ஊரில் தோளில் தபால் பையோடு ஏறி இறங்கிய கால்கள் இவை. ஐஸ் படிந்த படிகளையும், அவிழ்த்துவிட்ட நாய்களையும் பார்த்த கால்கள். இந்தக் கால்களுக்கா லிஃப்ட்?

பிள்ளைகள் கிளம்பியதும் மார்லிஸைச் சமையலறையில் மடக்கினேன்.

"உண்மையைச் சொல்லு. நான் நொண்டியாயிட்டேன்னு யார் கிளப்பி விட்டது?"

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் மழுப்பினாள். பிறகு சொன்னாள். "சோல்வேதான். உனக்கு முன்ன மாதிரி முடியலையாம். மாடிப்படியில கைப்பிடியை இறுகப் பிடிச்சுக்கிட்டு ஏறினியாம், அவ பார்த்தாளாம். அப்பாகிட்டக் கேட்காதீங்க, ரோஷப்படுவார்ன்னா. நாங்களும் பேசாம இருந்தோம்."

"நான் என்னைக்குக் கைப்பிடியைப் பிடிச்சேன்?"

"எனக்கென்ன தெரியும்? அவ பொய் சொல்ற பொண்ணா?"

அதுதான் கேள்வி. சோல்வே பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் இது பச்சைப் பொய். அப்படியென்றால் எதற்காகச் சொன்னாள்? நான் உட்கார்ந்து யோசித்தேன். இன்றைக்கு அப்பாவுக்குப் படி ஏற முடியவில்லை என்பாள். நாளைக்கு இந்த வீட்டில் படி அதிகம் என்பாள். அதற்கடுத்து முதியோர் குடியிருப்பின் வண்ணப்படம் மேசைக்கு வரும். என் தபால் வழியில் எத்தனை வீடுகள் இப்படிக் காலியானதைப் பார்த்திருக்கிறேன்! பெற்ற மகளையே வேவு பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கெட்டியாயிற்று. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் உள்ளே நுழைந்ததுமே நாற்காலி தேடினாள். நின்றபடி பூட்ஸை உதறிவிட்டு வருகிறவள், இப்போது உட்கார்ந்து மெல்லக் கழற்றினாள். என் எதிரில் நிற்க மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களோடு ஒரு தடவைகூட ஸ்கீக்கு வரவில்லை. கேட்டால் பள்ளிக்கூட வேலை என்பாள். என்னோடு தனியாக வரப் பயம், நான் வாயைக் கிளறிவிடுவேன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு ஊருக்கு மேலே இருக்கும் காட்டுக்குப் போவோம். ஸ்கீ பலகைகளோடு ஏறி மேட்டு உச்சியை யார் முதலில் தொடுகிறார்களோ, அந்த வருடப் பயணத்தில் அவர்கள் பேச்சுத்தான் கடைசிப் பேச்சு. வருடா வருடம் ஜெயிப்பது சோல்வேதான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"கப்பலையும் அப்படியே முடிவு பண்ணுவோம்," என்றேன். "கிழவன் தோத்தா நீ சொல்ற கடைத்தெருவுக்கே வரேன்."

"எதுக்குப்பா இப்போ போட்டியெல்லாம்?"

"பயமா இருக்கா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "வரேன்," என்றாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், நல்ல பனி. நெல்ஸ் ஹாக்கியில் தோளைப் பிசகிக்கொண்டு வந்திருந்ததால், அடிவாரத்து மரக்கூடத்தில் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டான். நானும் சோல்வேயும் கிளம்பினோம். முதல் வளைவிலேயே அவளை முந்தினேன். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷம்! வரட்டும், இந்த முகத்தைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் வரவே இல்லை.

முதலில் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறாள் என்று தோன்றி எரிச்சல் வந்தது. கிழவன் மேல் இரக்கமாம்! வந்த வழியே இறங்கினேன். பாதி மேட்டில், பிர்ச் மரங்களுக்குக் கீழே பனியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு. நடிப்பெல்லாம் போதும்," என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

கிட்டே போனபோதுதான் பார்த்தேன். மடங்கிக் கிடந்த வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டிருந்தாள், யாருடைய சாமானையோ நகர்த்தி வைப்பது போல.

"சொன்னபடி கேட்க மாட்டேங்குதுப்பா."

"பிடிச்சுக்கிச்சா?"

"இல்லை. நரம்பு. ஆகஸ்ட்லயே டாக்டர் சொல்லிட்டாங்க. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்."

அந்த நோயை எனக்குத் தெரியும். என் தபால் வழியில் ஒரு வீடு இருந்தது. முதலில் வாசலில் கைப்பிடி வைத்தார்கள். பிறகு படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டார்கள். பிறகு அந்த அம்மாள் கதவைத் திறந்து தபால் வாங்க வருவதே நின்றுபோனது.

நான் பனியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இப்போ உங்களுக்கு."

"அப்போ என்னைக் கிழவனாக்கினது?"

"பெரிய கப்பல்தான் வேணும்ன்னா ஒரு காரணம் சொல்லணுமே. என் பேரைச் சொல்ல வாய் வரலை. உங்க பேரைச் சொல்லிட்டேன்." அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திட்டுங்க. திட்டிடுங்கப்பா."

திட்டத்தான் தோன்றியது. அவளையல்ல. யாரை என்று தெரியாத கோபம். இத்தனை நாள் அவள் உட்காருவதையும் எழுவதையும் ஒற்றன் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றையும் பார்க்கவில்லை.

"இந்த ஒரு பயணம்ப்பா," என்றாள். "அம்மாவும் நெல்ஸும் என்னைப் பழைய சோல்வேயாவே பார்க்கட்டும். தெரிஞ்சா அம்மா நிம்மதியா ஒரு முட்டைகூடச் சாப்பிட மாட்டாங்க. வந்ததும் நானே சொல்லிடறேன்."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததில் கால் மெல்ல அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. நான் முன்னால் நிதானமாகச் சறுக்கினேன், அவள் என் தடத்திலேயே வந்தாள்.

மரக்கூடத்தில் சூடான சாக்லேட்டோடு இருவரும் காத்திருந்தார்கள். சோல்வே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"யாரு ஜெயிச்சது?" என்றான் நெல்ஸ்.

"நான்தான்."

"ஐயோ, எரிமலையா!" என்று மார்லிஸ் தலையில் கை வைத்தாள்.

"இல்லை. பெரிய கப்பல்."

சோல்வே தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறும்போது முழங்கால் ரெண்டும் கெஞ்சிடுச்சு," என்றேன். "சோல்வே விட்டுக் குடுத்துத்தான் ஜெயிச்சேன். அவ சொன்னது சரிதான். எனக்கு முன்ன மாதிரி முடியலை."

மார்லிஸ் என்னைக் கண் இமைக்காமல் பார்த்தாள். "காலையில பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்து அள்ளிப் போட்டுட்டு வந்து நின்னே. இப்போ முழங்கால் கெஞ்சுதா?"

"அள்ளினதாலதான் கெஞ்சுது."

"நீ எதையோ மறைக்கற ரோல்ஃப்."

"ஆமா, வயசை மறைச்சேன். இப்போ வெளியே வந்துடுச்சு."

நெல்ஸுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. ஜென்மத்துக்கும் கிடைக்காத வாய்ப்பு அவனுக்கு. "அப்போ லிஃப்டுக்குப் பக்கத்து அறை போதுமா கிழவரே, இல்லை சக்கர நாற்காலியும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?"

சோல்வேயின் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. மற்ற நாளாக இருந்தால் அவன் தலையில் பனியைக் கொட்டியிருப்பேன்.

"சொல்லி வைடா," என்றேன். "ஒண்ணு இருக்கட்டும்."

நெல்ஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.