அரை அங்குல மேடு

தலைமை வடிவமைப்பாளர் காரைச் சுற்றி மூன்றாவது நடை வந்தபோது, காசிமிர் டூடெக் மூச்சை இழுத்துத் தன் தொப்பையை உள்ளே தள்ளிக்கொண்டார், பெரியவர் பார்க்க வந்ததே அதைத்தான் என்பதுபோல. கார் என்றாலும் அது முழு அளவுக் களிமண் உருவம்தான். ஒரே உடம்பில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள்: இடப்பக்கம் டூடெக் இழைத்தது, வலப்பக்கம் சக களிமண் சிற்பி ரோக்கோ இழைத்தது. டெட்ராய்ட்டில் அப்படித்தான். பிடித்த பக்கம் தெருவுக்குப் போகும். மற்றது சுரண்டப்பட்டு, அடுப்பில் இளகி, வேறொரு காராகும். இருபத்திரண்டு வருடத்தில் டூடெக்கின் பக்கம் ஒருமுறைகூடத் தெருவைப் பார்த்ததில்லை. புதுக் கார் எது கடந்தாலும் "இது நீங்க பண்ணதா?" என்று கேட்கும் மனைவி ஹெலினா, கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை.

பெரியவர் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலிருந்த மேட்டில் உள்ளங்கையை வைத்தார். "கையெடுக்க மனசு வரலியே," என்றார். வலப்பக்கத்தையும் இதேபோல் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

டூடெக்குக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. வரைபடத்தில் அந்த மேடு அரை அங்குலம் தாழ்வு. வரைபடத்தை மீறியவனுக்கு அங்கே வேலை கிடையாது. இனி ரோக்கோ அட்டையில் அச்சு வெட்டி, அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் மறுபக்கத்தை எழுப்புவார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மேடும் போகும், டூடெக்கும் போவார். தோற்ற மனுஷன் எதற்காகச் சும்மா இருக்க வேண்டும்?

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ரோக்கோ அச்சும் கையுமாக வந்து நின்றார்.

"யோவ், அரை அங்குலம் தூக்கலா இருக்கே."

"தெரியும்."

"தெரிஞ்சேவா பண்ண?"

"நான் எங்க பண்ணேன். கை பண்ணிருச்சு."

"உன் பேச்சை உன் கைகூடக் கேக்காதாய்யா."

ரோக்கோ கண்ணை மூடிக்கொண்டு மேட்டைத் தடவினார். ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. பிறகு நேரே வரைபடக்காரர்களின் மேசைக்கு நடந்தார். டூடெக் மனசுக்குள் தன் கருவிப்பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

"தாள்ல தப்பு இருக்கு," என்று ரோக்கோவின் குரல் கேட்டது. "பின்பக்கம் அரை அங்குலம் ஏத்திப் போடுங்க."

திரும்பி வந்தவர் டூடெக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. சுரண்டியை எடுத்து, ஐந்து வாரம் தான் இழைத்த வலப்பக்கத்தின் முன் மண்டியிட்டார். டூடெக்கும் உதவப் பக்கத்தில் குனிந்தார்.

"கை வைக்காத. இது என்னோடது."

சுருள்சுருளாக மண் உதிர்ந்து ரோக்கோவின் காலணியை மூடியது. அடுப்பிலிருந்து எடுத்துவந்த புதுக் களிமண்ணைக் கீழே வைக்கத் தோன்றாமல், சூடு தாளாமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டு, டூடெக் நின்றுகொண்டேயிருந்தார்.